எந்த ஊர்ச் சீப்பு

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் எனக்கு உட்கார நேரம் கிடையாது. ஐந்தருவி போகிற சாலையில் எங்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ். சாரல் இறங்கிய நாளிலிருந்து காயாத துண்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தலையணை உறை, மாடியிலிருந்து "அக்கா, வெந்நீர் வரல" என்று கத்துகிற குரல் என்று என் பொழுது போகும். இந்த லட்சணத்தில் என் மாமியார் வேறு. மேலகரத்து வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள் அத்தை என்றால் கேட்க மாட்டார். எங்களுக்கு முன்னால் குளித்துக் கிளம்பி, கார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பார். லாட்ஜில் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. அதிலும் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் இருப்புக் கொள்ளாது. வாசலுக்குப் போவார், வருவார், மறுபடியும் போவார்.

அவர் ஆள் பிடிக்கத்தான் வருகிறார். கண்ணாடி போட்டவர், தோளில் கேமரா மாட்டியவர், ஆங்கிலப் பேப்பர் மடித்து வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் சரி, அறைச் சாவியை நான் கையில் கொடுப்பதற்குள் அத்தை எழுந்து நிற்பார்.

"சாரு காலேஜ்ல வேலையா? ஒண்ணுமில்ல, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இது எந்த ஊர்ச் சீப்பு?"

மூங்கில் சீப்பு அது. உள்ளங்கை அளவு இருக்கும். நாம் தலை சீவுகிற சீப்பைப் போல அகலமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும், பல்லும் நீளம். நாள்பட்டுக் கறுத்துப்போனது. பிடிக்கிற இடத்தில் கத்தி முனையால் கீறிய நெளிகோடுகள், கரி தேய்த்ததுபோல் கறுப்பாக. அந்த நெளிகளுக்கு நடுவில் தனியாக ஒரு குறி. மேலே வளைந்த பிறை, பிறைக்குள்ளிருந்து கீழே இறங்குகிற மூன்று கோடுகள், கோடுகளுக்கு அடியில் ஒரு புள்ளி. பார்த்தால் குடைக்குக் கீழே மழை பெய்வதுபோல் இருக்கும். நல்ல கூத்து, குடைக்கு உள்ளே எங்காவது மழை பெய்யுமா!

அத்தைக்கு அம்மா முகம் தெரியாது. அத்தையின் அப்பாவுக்குப் புளியங்குடி. வாலிப வயதில் மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், ஒருநாள் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு இறங்கி வந்தார். தாய் காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னாராம். பிறகு ஊரில் முறைப்படி ஒரு கல்யாணம். வந்த சித்திக்கு இந்தப் பிள்ளை கண்ணில் விழுந்த தூசி. "மலையில வச்சிருந்தவ பெத்தது" என்றுதான் சொல்வாளாம், அதுவும் நாலு பேர் இருக்கும்போது. அத்தைக்குக் கல்யாணமாகிப் படியிறங்கும்போது இந்தச் சீப்பை எடுத்து வீசி, "இந்தா, உங்க அம்மை சீதனம், கொண்டு போ" என்றிருக்கிறாள்.

வச்சிருந்தவளா, கட்டினவளா? எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அத்தைக்கு இந்த ஒரு கேள்விதான். அப்பாவிடம் கேட்டபோதெல்லாம் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவாராம். அவரும் போய்ச் சேர்ந்தார், சித்தியும் போய்ச் சேர்ந்தாள். பேச்சு மட்டும் போகவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில் என் சொந்தச் சித்தியே என் காதில் வந்து, "பையன் தங்கம்தான். ஆனா அவன் அம்மை வைப்பாட்டி மகளாம்லா" என்று ஓதினாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. அவள் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதே கிடையாது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்தச் சீப்பு ஒன்றுதான். அது எந்த ஜனத்துடையது என்று தெரிந்தால் அவள் யார் என்று தெரியும், யார் என்று தெரிந்தால் எப்படி இருந்தாள் என்று விசாரிக்கலாம். இது அத்தையின் கணக்கு. அதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

வந்தவர்கள் சும்மா சொல்லக் கூடாது, வஞ்சகமில்லாமல் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். நாகர்கோவில்காரர் ஒருவர் கேரளாதான் என்று அடித்துச் சொன்னார். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் போனில் படம் பிடித்துத் தேடிப் பார்த்துவிட்டு முதலில் ஆப்பிரிக்கா என்றாள், பிறகு இந்தோனேசியா என்றாள், கடைசியில் இதே மாதிரி வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்களாம் ஆச்சி, வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். சரித்திரப் பேராசிரியர் ஒருவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பர்மா பக்கமாக இருக்கலாம், குடைச் சின்னம் அரச குடும்பத்தைக் காட்டும் என்றார். அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க அத்தை நடையே மாறிப்போயிற்று. காபியைக்கூட ஆறவிட்டு ராணி மாதிரி குடித்தார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏட்டி, எங்க அப்பா தூத்துக்குடியவே தாண்டாத மனுசன். பர்மாக்காரி எப்படிட்டி ஏலத்தோட்டத்துக்கு வந்திருப்பா?"

"அதானே," என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இல்லை, சொன்னேன். ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அறை கேட்டு வந்த ஒரு குடும்பம், அத்தை சீப்போடு பாய்ந்ததைப் பார்த்து மிரண்டு எதிர் லாட்ஜுக்குப் போய்விட்டது. "ரூம் கேட்டு வாறவங்க மண்டைய ஏன் உருட்டுதிய? ஊர் உலகத்துக்கெல்லாம் நம்ம வீட்டுக் கதையச் சொல்லணுமா?" என்று கத்தினேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க அம்மை பேரச் சொன்னா ஊர்ல நாலு பேருக்குத் தெரியும்ட்டி. எனக்கு அப்படியா?" என்றார். நான் துண்டு மடிக்கப் போனேன்.

இந்த ஆடியில்தான் அந்த டீச்சர் வந்தார். சங்கரன்கோவிலில் பிறந்தவர், மூணாறுக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கணவர், பிள்ளைகளோடு அருவியில் குளிக்க வந்திருந்தார். அத்தை வழக்கம்போல எழுந்தார், பையைத் துழாவினார். சீப்பு முழுக்க வெளியே வருவதற்குள் டீச்சர், "இது உங்களுக்கு எப்படிக் கெடச்சுது ஆச்சி?" என்றார். "எங்கிட்டப் படிக்கிற முதுவப் பிள்ளைகளோட அம்மாமார் கொண்டையில இதே மாதிரி பாத்திருக்கேன்."

அத்தை டீச்சரின் கையைப் பிடித்தவர் விடவில்லை. முதுவர் என்றால் யார், எங்கே இருக்கிறார்கள், என்ன பேசுவார்கள் என்று ஒரே மூச்சில் கேட்டார். மலைக்குள் குடி குடியாக, அதாவது சின்னச் சின்ன ஊராக, இருக்கிற ஜனம், பேச்சு தமிழ் மாதிரிதான் இருக்கும், ஏலத்தோட்டங்களுக்குப் பக்கத்தில்கூட அவர்களுடைய குடிகள் உண்டு என்று டீச்சர் சொல்லச் சொல்ல அத்தைக்குக் கண் கலங்கிற்று. சீப்பைப் பற்றித் தனக்கு அதற்கு மேல் தெரியாது, தன் மாணவி ஒருத்தியின் அம்மாவிடம் போனில் கேட்கலாம் என்றார் டீச்சர்.

"இப்பமே போடுங்க."

"அங்கன சிக்னல் கெடையாது ஆச்சி. சாமான் வாங்க ரோட்டுக் கடைக்கு இறங்கி வந்தாத்தான் பேச முடியும். செய்தி அனுப்பி வைக்கேன், நாளைக்கோ மறுநாளோ கூப்பிடுவாங்க."

அந்த நாளைக்கும் மறுநாளைக்கும் நடுவில் நான் பட்ட பாடு! டீச்சர் எங்கே போனாலும் அத்தை பின்னாலேயே போனார். அருவிக்குப் போகிறோம் என்றால், "போன் நனைஞ்சிரும், என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு பெண் குரல் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கூப்பிட, அத்தை படபடத்துப் போய், "நீங்க மூணாறா? சாமான் வாங்க வந்தியளா?" என்று கேட்டிருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் சும்மா சொல்வானேன், சமையல்கட்டில் நிற்கும்போது எங்கேயாவது போன் மணி அடித்தால் என் கையும்தான் கரண்டியை அப்படியே விட்டது.

மூன்றாம் நாள் முன்பகலில்தான் அழைப்பு வந்தது. வீடியோ அழைப்பு. ஏதோ கடை வாசலில், கொண்டை போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி நின்றாள். குரல் விட்டு விட்டுத்தான் வந்தது. புரியாத இடத்தில் டீச்சர் எடுத்துச் சொன்னார். அத்தை சீப்பைப் போனை முட்டுகிற மாதிரி கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

அது தங்கள் சீப்புதான் என்றாள் அந்தப் பெண்மணி. நெளிகோடும் தங்களுடையதுதான். ஆனால் நடுவில் கிடக்கிற குறி தங்களுடையது இல்லை. பல்லும் முன்னே பின்னே இருக்கிறது, பழகாத கை. "யாரு வெட்டினது?" என்று கேட்டாள்.

"யாரு வெட்டுனதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்மா?" என்றார் அத்தை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிக்கொள்கிறவன்தான் வெட்டுவான், வேறு யார் வெட்டுவார்கள் என்றாள். பெண்ணைக் கட்டும்போது மாப்பிள்ளை தன் கையால் சீப்பு வெட்டிக் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்தில் அதுதான் பெரிது, தன் புருஷனும் அப்படித்தான் வெட்டிக் கொடுத்தான் என்று கழுத்தைத் திருப்பித் தன் கொண்டையைக் காட்டினாள்.

அத்தை அந்தக் கொண்டையையே உற்றுப் பார்த்தார். பிறகு, "டீச்சர், நான் கேக்கத அப்படியே கேளுங்க. மாத்தாதிய. கட்டாம, சும்மா ஒருத்தன் ஒருத்திய வச்சிருந்தாம்னா, அவளுக்கும் சீப்பு வெட்டிக் குடுப்பானா?" என்றார்.

டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தப் பெண்மணியின் முகம் சுண்டிவிட்டது.

"வச்சிருக்கவளுக்கு எதுக்குச் சீப்பு? இதக் குத்திக்கிட்டு நாலு பேருக்கு முன்னால நடந்தா, இவளுக்குப் புருசன் இருக்கான்னுதான் அர்த்தம்."

நான் அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அத்தை அதோடு விடவில்லை. "அப்ப வெட்டுனவன் யாரு?" என்றார். கேட்கவே பயமாக இருந்தது. பழகாத கை, அந்த ஜனத்துக்குச் சொந்தமில்லாத குறி. அம்மாவுக்கு வேறு ஒரு புருஷன் இருந்திருந்தால்? அத்தைக்கு அப்பாவாவது மிஞ்சுவாரா?

குறி சரியாகத் தெரியவில்லை, தலையில் வைத்துக் காட்டுங்கள் என்றாள் அந்தப் பெண்மணி. அத்தை முதுகைக் காட்டித் திரும்பினார். அவருடைய கொண்டை இப்போது எலுமிச்சம்பழம் அளவுதான். நான் பல் கீழே பார்க்க, மேலிருந்து செருகினேன். "அப்படி இல்ல, அப்படி இல்ல" என்று போனில் சத்தம். கீழேயிருந்து மேல்நோக்கிக் குத்த வேண்டுமாம், பல் மேலே பார்த்து இருக்க வேண்டுமாம். எடுத்துத் திருப்பிக் குத்தினேன்.

குத்திவிட்டுப் பார்த்தேன். குடை கவிழ்ந்துவிட்டது. பிறை கீழே, தட்டு மாதிரி. அதிலிருந்து மேலே எழும்புகிற மூன்று கோடுகள், உச்சியில் புள்ளி.

"அத்தை, அசையாதிய" என்றேன். டீச்சரைப் போனைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினேன். அங்கே மூலையில் எலுமிச்சை மூட்டை கிடந்தது. அத்தையின் தம்பி, அதாவது அந்தச் சித்தி பெற்ற மகன், புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். சீசனுக்குச் சீசன் அக்காவுக்கு ஒரு மூட்டை அனுப்பிவிடுவார். மூட்டையைத் தரதரவென்று வரவேற்பு மேஜை வரைக்கும் இழுத்து வந்து நிமிர்த்தி வைத்தேன். சாக்கில் நீலப் பெயின்டில் அவர்கள் கடை மார்க். தட்டு மாதிரி ஒரு பிறை, மூன்று கதிர், உச்சியில் ஒரு புள்ளி.

அத்தையின் அப்பா வழிக் குடும்பக் குறி அது. அந்தக் காலத்தில் களத்தில் நெல்லைக் குவித்தால், யாரும் இரவில் கை வைத்துவிடாமல் இருக்க, செதுக்கிய மரக்கட்டையைச் சாம்பலில் தோய்த்துக் குவியலைச் சுற்றிக் குறி போடுவார்கள். வயல் போய் எலுமிச்சை வந்தபோது குறி சாக்குக்கு ஏறிவிட்டது. எத்தனை வருஷம் இந்தச் சாக்கை நான் மிதித்துத் தாண்டியிருக்கிறேன்! சீப்பு என்றால் பல் கீழேதான் இருக்கும் என்று நாங்களாக வைத்துக்கொண்டோம். எங்களுக்குச் சொன்ன மகராசன்கள் அத்தனை பேரும் அப்படியேதான் பிடித்துப் பார்த்தார்கள்.

அத்தை தலையிலிருந்து சீப்பை உருவிச் சாக்கின் மேல் வைத்துப் பார்த்தார். "களத்துல நானே சாம்பல் தொட்டு இதப் போட்டிருக்கேன்ட்டி" என்றார் மெதுவாக. அழுவார், சிரிப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, சாக்கை ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

"மூங்கில வெட்டத் தெரிஞ்ச மனுசனுக்கு வாயத் தெறக்கத் தெரியாமப் போச்சா? அவ ஜனத்து வழக்கத்தப் படிச்சு, தங் குடும்பக் குறியவும் வெட்டி, அவ தலையில வச்சு அழகு பாத்திருக்காரு. ஊரே எங்க அம்மைய வைப்புன்னு சொன்னப்ப, 'இல்ல, நான் கட்டுனவ'ன்னு ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த! அதுக்குத் துப்பில்லையே அந்த ஆளுக்கு!"

டீச்சர் போனோடு திகைத்து நின்றார். அந்தப் பெண்மணி அங்கிருந்து, உங்கள் அம்மா எந்தக் குடி, பேர் என்ன, சொன்னால் விசாரிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குடியும் தெரியாது, பேரும் தெரியாது என்றேன் நான். குடிக்கு வெளியே கட்டியிருந்தால் அவள் பேரை அங்கே யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று அவளே சொல்லிப் பெருமூச்சு விட்டாள். பிறகு சிக்னல் போய்விட்டது.

அன்றிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? அறை அறையாக நடந்தார். என் கணவர், அத்தையின் தம்பியான புளியங்குடி மாமாவுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்லே. அமாவாசைக்கு வருவாம்லா, மூஞ்சிக்கு நேராப் பேசிக்கிடுதேன்" என்றார். மாமா சாதுவான மனிதர், அக்கா மேல் உயிர். ஆனால் செத்துப்போன தன் அம்மாவைப் பொய் சொன்னவள் என்று கேட்க எந்த மகனுக்கு மனசு வரும்?

ஆடி அமாவாசையன்று பேரருவியில் தண்ணீர் மண் நிறத்தில் கொட்டியது. குளிக்கத் தடை போட்டு போலீஸ் விசில் ஊதிக்கொண்டிருந்தது. தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் கரையெல்லாம். மாமா புளியங்குடியிலிருந்து வேட்டி துண்டோடு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் காத்திராமல் முன்னால் நடந்தார். கொண்டையில் கீழிருந்து மேலாகக் குத்திய சீப்பு.

மாமா பின்னால் வந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். தினமும் அந்த மார்க்கோடு புழங்குகிறவர் அல்லவா? "அக்கா தலையில என்னதும்மா அது?" என்று என்னிடம் கேட்டார். நான் எதையும் மறைக்காமல், நடந்துகொண்டே அத்தனையையும் கொட்டிவிட்டேன். வைப்புக்கு யாரும் சீப்பு வெட்ட மாட்டார்களாம் மாமா என்பதையும் சேர்த்து. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கரையில் ஐயர் எல்லாரையும் வரிசையாக உட்கார்த்தி, இலையில் எள்ளும் தர்ப்பையும் வைத்தார். மாமாவும் என் கணவரும் பக்கத்துப் பக்கத்து இலையில். காலமான என் மாமனார் பேரோடு அப்பா வழிப் பேர்கள் முடிந்து, அம்மா வழித் தாத்தா பேரும் முடிந்தது. ஐயர் என் கணவரைப் பார்த்து, "அம்மாவழிப் பாட்டி பேர் சொல்லுங்கோ" என்றார். வருஷா வருஷம் அந்த இடத்தில் அத்தையின் சித்தி பேரைத்தான் சொல்வது. இவர் பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

"நில்லுலே" என்றார் அத்தை. "சாமி, எங்க அம்மை பேரு எனக்குத் தெரியாது. எங்க அப்பா கட்டுன மூத்த தாரம். அப்படிச் சொல்லி ஊத்தச் சொல்லுங்க."

ஐயர் தலையைச் சொறிந்தார். "பேர் இல்லாம எப்படி ஆச்சி? வழக்கமாச் சொல்ற பேரையே சொல்லிடலாமே. அடுத்தாப்ல ஆள் காத்துண்டிருக்கா."

"வழக்கமாச் சொல்லுத பேரு அவ பேரு இல்ல."

சொல்லிவிட்டு அத்தை இலைக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஐயரை ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் மாமா, இலையிலிருந்து நிமிராமலே பேசினார்.

"பேரு தெரியாட்டா என்ன சாமி, முறை தெரியும்லா. எனக்குப் பெரியம்மை. எனக்கும் சேத்து எள்ளு குடுங்க, மொதல்ல அவியளுக்கு நான் ஊத்துதேன்."

அத்தை கையிலிருந்து குடை விழுந்தது. "எங்கூடப் பொறந்தவனே" என்று அந்த ஈரக் கல்லில் உட்கார்ந்து, அருவிச் சத்தத்தையும் மீறிக் கதறி அழுதார்.